ஒரே வீடு, நான்கு தொகுதிப் பெயர்கள்: கிழக்கு ஸ்காபரோவில் எல்லைக்கோடு நகர்ந்த கதை

போர்ட் யூனியன் வாசி எழுதியது:

கனடாவின் ரொறன்ரோ மாநகரில், கிழக்கு ஸ்காபரோவில் இருக்கும் நான் 2025ஆம் ஆண்டில் மூன்று முறை வாக்களித்தேன். பெப்ரவரி 27 மாகாணத் தேர்தலுக்கு வந்த வாக்காளர் அட்டையில் என் தொகுதியின் பெயர் ஸ்காபரோ–ரூஜ் பார்க் என்று இருந்தது. ஏப்ரல் 28 கூட்டாட்சித் தேர்தலுக்கு வந்த அட்டையில் அது ஸ்காபரோ–கில்ட்வுட்–ரூஜ் பார்க் ஆகியிருந்தது. செப்டெம்பரில் மாநகரசபை இடைத்தேர்தலுக்கு வந்த அட்டையில் மீண்டும் பழைய பெயர். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் முதல் இரண்டு அட்டைகளையும் அடுத்தடுத்து ஒட்டியிருந்ததைப் பார்த்த என் மனைவி, இதில் ஒன்று பிழையான முகவரிக்கு வந்ததா என்று கேட்டார். இரண்டுமே சரிதான் என்று விளக்க எனக்கு அரைமணி நேரம் பிடித்தது. அந்த அரைமணி நேரத்தில், எனக்கே பல விடயங்கள் தெளிவாக விளங்கவில்லை என்பதும் தெரிந்தது. அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

தொண்ணூறுகளில் நாங்கள் மால்வேர்னில் அடுக்குமாடியில் வாடகைக்கு இருந்தோம். அது ஸ்காபரோ–ரூஜ் ரிவர் தொகுதி. நாடாளுமன்ற உறுப்பினர் லிபரல் கட்சியைச் சேர்ந்த டெரெக் லீ. 2001இல் ரூஜ் ஹில் ரயில் நிலையத்துக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில், இப்போது இருக்கும் வீட்டை வாங்கினோம். அப்போது இந்த இடம் ஸ்காபரோ ஈஸ்ட். உறுப்பினர் ஜோன் மக்கே. 2004இல் எங்களை ரூஜ் ஆற்றுக்கு அப்பாலுள்ள பிக்கரிங் நகருடன் சேர்த்து பிக்கரிங்–ஸ்காபரோ ஈஸ்ட் என்று பெயரிட்டார்கள். உறுப்பினர் டான் மக்டீக். 2011இல் அதே தொகுதியில் கன்சர்வேடிவ் கட்சியின் கொர்னெலியு கிசு வென்றார். 2015இல் பிக்கரிங்கிலிருந்து எங்களைப் பிரித்து, வடக்கே மால்வேர்னுடன் சேர்த்து ஸ்காபரோ–ரூஜ் பார்க் ஆக்கினார்கள். ஹரி ஆனந்தசங்கரி உறுப்பினரானார். 2025இல் அவரே மீண்டும் வந்தார், ஆனால் தொகுதி வேறு. வீடு அசையவில்லை. கதவு இலக்கம் மாறவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் நான்கு பெயர்கள், நான்கு உறுப்பினர்கள்.

நம்மவர்கள் தேர்தல் என்றால் வேட்பாளரைப் பற்றித்தான் பேசுகிறோம். யார் நிற்கிறார், எந்தக் கட்சி, எந்த ஊர்க்காரர் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. வேட்பாளர் பெயர் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, மூன்று பேர் கொண்ட ஓர் ஆணைக்குழு வரைபடத்தில் ஒரு கோடு போட்டுவிடுகிறது, அந்தக் கோடு பாதி முடிவைத் தீர்மானித்துவிடுகிறது என்பது என் கருத்து. 2022 இலையுதிர் காலத்தில் அந்தக் கோட்டைப் பற்றிப் பொதுமக்களின் கருத்தைக் கேட்டார்கள். நான் போகவில்லை. போயிருக்க வேண்டும் என்று இப்போது மனதார நினைக்கிறேன். உங்கள் தெருக்களில் கோடு எப்படி நகர்ந்தது, அதனால் என்ன மாறியது என்று அறிந்தவர்கள் எழுதுங்கள்.

மால்வேர்ன்91 எழுதியது:

ஐயா, நீங்கள் விட்டுப் போன அடுக்குமாடிகளில் ஒன்றில்தான் நான் இன்னும் இருக்கிறேன். ஸ்காபரோ–ரூஜ் ரிவரின் கதையை நான் சொல்கிறேன்.

அதற்கு முன்பு இந்தப் பகுதியின் பெரும்பாகம் யோர்க்–ஸ்காபரோ என்ற தொகுதிக்குள் இருந்தது. நாட்டிலேயே மக்கள்தொகை மிகக் கூடிய தொகுதிகளுள் அது ஒன்று. வயல்வெளிகளாக இருந்த நிலங்களில் வீடுகளும் அடுக்குமாடிகளும் எழும்ப எழும்ப அந்தத் தொகுதி வீங்கிக்கொண்டே போனது. 1987ஆம் ஆண்டின் மறுசீரமைப்பில் அதை உடைத்தார்கள். 1988 தேர்தலில் ஸ்காபரோ–ரூஜ் ரிவர் முதல் தடவையாக வாக்களித்தது. டெரெக் லீ அன்று வென்று 2011 வரை இருபத்து மூன்று ஆண்டுகள் தொடர்ந்து இருந்தார். 1983க்குப் பின் இங்கு வந்து சேர்ந்த எங்கள் தலைமுறைக்கு, குடியுரிமை எடுத்து முதல் வாக்குப் போட்டபோது சீட்டில் இருந்த பெயர் அவருடையதுதான்.

2011இல் அவர் மீண்டும் போட்டியிடவில்லை. புதிய ஜனநாயகக் கட்சியின் சார்பில் ராதிகா சிற்சபைஈசன் நின்றார். யாழ்ப்பாணத்தில் பிறந்து ஐந்து வயதில் கனடாவுக்கு வந்தவர். அந்தத் தேர்தலில் நான் தொண்டனாக வேலை செய்தேன். அடுக்குமாடியின் வாசலில் உள்ள அழைப்புப் பலகையில் பெயர்களை மேலிருந்து கீழாக வாசித்தால், ஒரே பலகையில் தமிழ்ப் பெயர்கள், சீனப் பெயர்கள், கரீபியப் பெயர்கள், பிலிப்பீனியப் பெயர்கள் எல்லாம் இருக்கும். ஒவ்வொரு பொத்தானாக அழுத்தி, எந்த மொழியில் வணக்கம் சொல்வது என்று யோசித்துக்கொண்டே நிற்போம். வாழ்க்கையில் ஒருபோதும் இங்கு வாக்களிக்காத அம்மாக்கள், கால்வலியோடு மாடியிலிருந்து இறங்கி வந்து, வாக்குச்சாவடி எந்தப் பாடசாலையில் என்று கேட்டார்கள். ராதிகா சுமார் 40 விழுக்காடு வாக்குகளோடு வென்றார். கனடிய நாடாளுமன்றத்தில் அமர்ந்த முதல் தமிழர் ஆனார்.

அவர் பதவியேற்று ஓராண்டுக்குள் எல்லை நிர்ணய ஆணைக்குழு வேலையைத் தொடங்கியது. வந்த வரைபடத்தில் ஸ்காபரோ–ரூஜ் ரிவரே இல்லை. மேற்கே அஜின்கோர்ட், மில்லிக்கன் பக்கம் ஸ்காபரோ நோர்த் என்ற புதிய தொகுதிக்குள் போனது. கிழக்குப் பக்கம் ஐயா இருக்கும் ஏரிக்கரை வரை நீண்டு ரூஜ் பார்க் ஆனது. ராதிகா இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டியிருந்தது. 2015இல் ஸ்காபரோ நோர்த்தில் நின்று லிபரல் கட்சியின் ஷோன் சென்னிடம் தோற்றார். நாங்கள் நான்கு ஆண்டுகள் கதவு கதவாகத் தட்டிக் கட்டிய தொகுதியை, ஒரு கோடு நடுவால் வெட்டிவிட்டது. எனக்கு அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

எண்கணக்கர் எழுதியது:

மால்வேர்ன் அண்ணாவின் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால், கோடுதான் அந்தத் தோல்வியைக் கொண்டுவந்தது என்று சொல்வதற்கு முன் கணக்கைப் பார்க்க வேண்டும்.

2011 குடிசன மதிப்பீட்டுக்குப் பின் ஒன்ராறியோவுக்கான ஆசனங்கள் 106இலிருந்து 121 ஆக உயர்ந்தன. நாடாளுமன்றம் 308இலிருந்து 338 ஆனது. மாகாணத்தின் சனத்தொகையை 121ஆல் வகுத்தால் ஒரு தொகுதிக்குச் சராசரியாக 1,06,213 பேர். பதினைந்து புதிய ஆசனங்கள் வந்த மாகாணத்தில் பழைய எல்லைகள் அப்படியே நிற்கும் என்று எவரும் எதிர்பார்த்திருக்க முடியாது. எங்கோ ஓரிடத்தில் ஒரு தொகுதியைச் சேர்த்தால், பக்கத்தில் உள்ளவை எல்லாம் வரிசையாக நகர்ந்தே ஆக வேண்டும்.

இரண்டாவது, 2015இல் லிபரல் கட்சி ரொறன்ரோவின் 25 தொகுதிகளையும் வென்றது. நகரம் முழுவதும் ஒரே நிறமாக மாறிய அந்த இரவில், பழைய ரூஜ் ரிவர் எல்லை அப்படியே இருந்திருந்தாலும் புதிய ஜனநாயகக் கட்சி அங்கே நின்று பிடித்திருக்குமா என்பது பெரிய கேள்வி. 2011இல் அந்தக் கட்சி நாடு முழுவதும் எழுந்து முதல் தடவையாக எதிர்க்கட்சி ஆனது. அதே காலத்தில் டெரெக் லீயின் ஆசனமும் வெறுமையானது. மற்ற இரு பெரிய கட்சிகளும் மீதி வாக்கில் பெரும்பங்கைத் தமக்குள் பிரித்துக்கொண்டன. இவை எல்லாம் ஒன்றுகூடித்தான் அந்த வெற்றி வந்தது. காற்று திரும்பியதும் அதே தொகுதியில் வேறு விளைவு வந்திருக்கக் கூடும்.

மூன்றாவது விடயமே முக்கியமானது. கோடு வெட்டியதால் தமிழரின் குரல் போய்விட்டது என்கிறீர்கள். அதே 2015இல், அதே கோட்டின் கிழக்குப் பக்கத்தில், ஹரி ஆனந்தசங்கரி 60 விழுக்காட்டுக்கு மேல் வாக்குகள் பெற்று வென்றார். அவர் வென்ற தொகுதியில் தமிழர் பெரும்பான்மையல்லர். போர்ட் யூனியனிலும் ஹைலண்ட் கிரீக்கிலும் வாழும் பல தலைமுறைக் கனடியர்களும், மால்வேர்னின் கரீபிய மக்களும் சேர்ந்தே அவரை அனுப்பினார்கள். ஒரு சமூகத்தை ஒரே பெட்டிக்குள் அடைத்து வைத்தால்தான் அதற்குப் பிரதிநிதி கிடைப்பார் என்ற எண்ணத்தை நாம் கைவிட வேண்டும்.

சட்டம் பயில்பவன் எழுதியது:

இந்த விவாதத்துக்கு அடிப்படையான தீர்ப்பு ஒன்று இருக்கிறது. அதை இங்கே வைப்பது பயன்படும்.

கூட்டாட்சித் தொகுதிகளின் எல்லைகளை ஒரு காலத்தில் நாடாளுமன்றமே, அதாவது ஆளும் கட்சியே, வரைந்தது. 1882இல் பிரதமர் மக்டொனால்டின் அரசு ஒன்ராறியோவில் எதிர்க்கட்சி வாக்குகளைச் சில தொகுதிகளுக்குள் குவித்து அடைத்த விதம் வரலாற்றில் பேர்போனது. மனிற்றோபா மாகாணம் 1955இல் தன் சட்டசபைத் தொகுதிகளைச் சுயாதீனமான ஆணைக்குழுவிடம் ஒப்படைத்தது. 1964இல் நாடாளுமன்றமும் சட்டம் இயற்றி அந்த வழிக்கு வந்தது. ஒவ்வொரு பத்தாண்டுக் குடிசன மதிப்பீட்டுக்குப் பின்னும் மாகாணத்துக்கு ஒன்றாக ஆணைக்குழு அமைகிறது. தலைவராக இருக்கும் நீதிபதியை மாகாணத்தின் தலைமை நீதிபதி நியமிக்கிறார். மற்ற இருவரை மக்களவையின் சபாநாயகர் நியமிக்கிறார். நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். ஆனால் இறுதிச் சொல் ஆணைக்குழுவினுடையது.

ஒரு தொகுதியின் மக்கள்தொகை மாகாணச் சராசரியிலிருந்து 25 விழுக்காடு வரை கூடலாம், குறையலாம். அசாதாரணமான சூழ்நிலையில் அதையும் தாண்டலாம் என்கிறது சட்டம். அப்படியானால் ஒருவரின் வாக்கு இன்னொருவரின் வாக்கைவிடக் கனமானதாகிவிடாதா என்ற கேள்வி, சஸ்காச்சுவான் மாகாணத் தொகுதிகள் தொடர்பாக 1991இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி மக்லாக்லின், வாக்குரிமை பாதுகாப்பது எண்ணிக்கைச் சமத்துவத்தை மட்டுமன்று, பயனுள்ள பிரதிநிதித்துவத்தை என்று வகுத்தார். வாக்குகளின் சமநிலையே முதன்மையானது; ஆயினும் புவியியல், சமூகத்தின் வரலாறு, சமூக நலன்கள், சிறுபான்மையினரின் பிரதிநிதித்துவம் ஆகியவற்றையும் கணக்கில் எடுக்கலாம் என்றார்.

ஆகவே எண்கணக்கர் அண்ணா சொல்வதுபோல் இது வகுத்தல் கணக்கு மட்டுமன்று. மால்வேர்ன் அண்ணா சொல்வதுபோல் ஒரு சமூகத்தின் வரலாற்றை எடுத்துச் சொல்லவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் அதை யாராவது ஆணைக்குழுவின் முன் சொல்ல வேண்டும்.

வரைபடப்பிரியை எழுதியது:

சட்டத் தம்பியின் கடைசி வரிக்கு நானே சாட்சி. 2022இல் இணையவழியாக நடந்த அமர்வொன்றில் நான் பேசினேன்.

முதலில் நிலத்தைச் சொல்கிறேன். வரைபடத்தில் கிழக்கு ஸ்காபரோவைப் பார்த்தால் இயற்கையும் அரசும் போட்ட இரண்டு பெரிய கோடுகள் கண்ணில் படும். ஒன்று 401 நெடுஞ்சாலை, மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது. மற்றது ரூஜ் ஆற்றின் பள்ளத்தாக்கு. இரண்டுமே மனிதர் எளிதில் கடக்காதவை. பழைய ரூஜ் ரிவர் தொகுதி நெடுஞ்சாலைக்கு வடக்கே நின்றது. நெடுஞ்சாலைதான் அதன் இயல்பான வேலி. 2012இல் ரூஜ் பார்க்கை வரைந்தவர்கள் அந்த வேலியைத் தாண்டி, வடக்கையும் தெற்கையும் ஒன்றாகக் கட்டினார்கள். அதற்குப் பதிலாக, பிக்கரிங்குடன் இருந்த இணைப்பை அவிழ்த்து, ரொறன்ரோ மாநகரின் எல்லையைத் தொகுதியின் எல்லையாக்கினார்கள். போர்ட் யூனியன் ஐயா 2004 முதல் 2015 வரை இரண்டு நகராட்சிகளுக்குக் குறுக்கே கிடந்த தொகுதியில் இருந்தார். ஒரே உறுப்பினர் இரண்டு மாநகர முதல்வர்களோடும் இரண்டு போக்குவரத்துச் சபைகளோடும் பேச வேண்டிய நிலை அது. அதை நீக்கியது நல்ல மாற்றம் என்றே நான் கருதுகிறேன்.

இப்போது 2022க்கு வருகிறேன். 2021 குடிசன மதிப்பீட்டின்படி ஒன்ராறியோவுக்கு ஒரே ஓர் ஆசனம் கூடி 122 ஆனது. சராசரி 1,16,590 பேர். ரொறன்ரோ மாநகரின் சனத்தொகை 27,94,356. வகுத்துப் பார்த்தால் 24க்கு ஒரு மயிரிழை குறைவாக வரும். நகரிடம் 25 ஆசனங்கள் இருந்தன. ஆகவே ஒன்று போக வேண்டும். எதிலிருந்து என்பதே கேள்வி. ஸ்காபரோவில் ஏறக்குறைய 6 இலட்சத்து 30 ஆயிரம் பேர். வகுத்தால் ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில் நிற்கிறது, எங்களிடம் இருந்ததோ ஆறு. ஓகஸ்ட் மாதம் வெளிவந்த முதல் முன்மொழிவில் ஸ்காபரோ ஓர் ஆசனத்தை இழந்தது.

அப்போதுதான் மக்கள் எழுந்தார்கள். தமிழர் மட்டுமல்லர், குடியிருப்பாளர் சங்கங்கள், பல மொழிச் சமூகங்கள், உறுப்பினர்கள் எல்லாரும் பேசினார்கள். எனக்குக் கிடைத்த சில நிமிடங்களில் நான் ஒரே ஒரு விடயத்தைச் சொன்னேன். எங்கள் பகுதியில் ஒரு நாடாளுமன்ற அலுவலகத்துக்கு வரும் வேலையில் பெரும்பங்கு குடிவரவுக் கோப்புகள்: கணவரை அழைப்பது, பெற்றோரை அழைப்பது, அனுமதி நீடிப்பது. கோப்போடு வருபவருக்கு இன்னும் வாக்குரிமையே இல்லாதிருக்கலாம். அவருக்கு வேண்டியது நடந்து போகும் தூரத்தில் ஓர் அலுவலகம், தன் மொழி புரிந்த ஓர் உதவியாளர். தொகுதி பெரிதாகினால் அந்த வரிசைதான் முதலில் நீளும். இதைச் சொல்லி முடித்தபோது என் குரல் நடுங்கியது.

2023 பெப்ரவரியில் வந்த அறிக்கையில் வரைபடம் மாறியிருந்தது. ஸ்காபரோ தன் பெயரைத் தாங்கிய ஆறு தொகுதிகளை வைத்துக்கொண்டது. ஸ்காபரோ–வோபேர்ன் என்று ஒன்று புதிதாகப் பிறந்தது. கில்ட்வுட் ரூஜ் பார்க்குடன் சேர்ந்தது; மால்வேர்ன் பக்கத்தின் பாகங்கள் ஸ்காபரோ நோர்த்துக்குப் போயின. ஆனால் ஓர் ஆசனம் எங்கோ போக வேண்டுமல்லவா? பக்கத்திலிருந்த டொன் வலி ஈஸ்ட் என்ற தொகுதி கலைக்கப்பட்டு, அதன் ஒரு பாகம் ஸ்காபரோ சென்டருடன் இணைக்கப்பட்டது. அங்குள்ள மக்களுக்கு முதல் வரைபடத்தில் இந்த ஆபத்து தெரியவே இல்லை; அறிக்கை வந்த பின் பொதுமக்களுக்கு இரண்டாவது அமர்வு வைக்கும் வழக்கமும் சட்டத்தில் இல்லை. அவர்களின் உறுப்பினர் மைக்கேல் கொட்டோ ஆட்சேபித்தும் பயன் இல்லை. பின்னர் அவர் 2025இல் ஸ்காபரோ–வோபேர்னில் நின்று வென்றார். நாங்கள் பேசியதால் எங்களுக்குக் கிடைத்தது. பேச வாய்ப்பே கிடைக்காதவர்களிடமிருந்து போனது. அந்த நினைவு எனக்கு இன்றும் உறுத்தலாக இருக்கிறது.

வன்னியூரான் எழுதியது:

அக்கா சொன்ன ஒரு சொல் என்னை நிறுத்திவிட்டது: வாக்குரிமை இல்லாதவரும் கணக்கில் வருகிறார். கனடாவில் ஆசனங்களைப் பங்கிடுவது மனிதத் தலைகளை எண்ணி. குழந்தையும், அகதிக் கோரிக்கையாளரும், நிரந்தர வதிவாளரும் அந்த எண்ணிக்கையில் உண்டு. இலங்கையில் இப்போது பதிவு செய்த வாக்காளரை எண்ணி மாவட்டங்களுக்கு ஆசனங்களைப் பிரிக்கிறார்கள். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010இல் ஒன்பது ஆசனங்கள் இருந்தன, 2015இல் ஏழு, 2024இல் ஆறு. போரும் புலப்பெயர்வும் வாக்காளர் இடாப்பைக் குறைக்க, ஆசனமும் குறைந்தது. அங்கிருந்து குறைந்தவர்களில் ஒரு பகுதிதான் இங்கே ஸ்காபரோவின் தலைக்கணக்கில் கூடியவர்கள்.

ஆனால் தலைகளை எண்ணும் முறை தன்னளவில் நீதியைத் தந்துவிடும் என்று நினைத்துவிடவும் கூடாது. சுதந்திரத்துக்குப் பின் மலையகத் தமிழரின் குடியுரிமையும் வாக்கும் பறிக்கப்பட்டன. 1947இல் தம் பிரதிநிதிகளை அனுப்பிய அவர்கள் 1952இல் ஒருவரையேனும் அனுப்ப முடியாமல் போனார்கள். அப்போது தொகுதிகளைப் பங்கிட்டது மொத்தச் சனத்தொகையையும் நிலப்பரப்பையும் வைத்து. ஆகவே, வாக்கில்லாத அந்த மக்களின் தலைகள் கண்டியப் பகுதிகளின் ஆசன எண்ணிக்கையைத் தாங்கி நின்றன; அந்த ஆசனங்களில் வேறு மக்கள் தெரிவு செய்தவர்களே அமர்ந்தார்கள். எண்ணப்படுபவர் ஒரு காலத்தில் வாக்காளராகவும் ஆக முடிவதுதான் இங்குள்ள வேறுபாடு. என் தாயார் இங்கு வந்த ஐந்தாம் ஆண்டில் குடியுரிமைச் சத்தியம் செய்தார். அதுவரையும் அவர் இந்தத் தொகுதியின் எண்ணிக்கையில் இருந்தார், அதன் பின்னும் இருக்கிறார்.

போர்ட் யூனியன் வாசி எழுதியது:

எல்லாருடைய பதில்களையும் இரண்டு முறை வாசித்தேன். வரைபடத் தங்கச்சிக்கு என் நன்றி. நான் போகாத அமர்வுக்கு நீங்கள் போயிருக்கிறீர்கள். என் முதல் கேள்விக்கு மட்டும் விடை இன்னும் முழுமையாகவில்லை. மாகாணத் தேர்தலிலும் மாநகரசபைத் தேர்தலிலும் என் தொகுதி ஏன் பழைய பெயரிலேயே இருக்கிறது? கில்ட்வுட் சேர்ந்த தொகுதியில் ஒருவரையும், சேராத தொகுதியில் இருவரையும் தெரிவு செய்யும் என் போன்றவருக்கு, எந்தப் பிரச்சினைக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்பதே குழப்பமாகிறது.

வரைபடப்பிரியை எழுதியது:

ஒன்ராறியோ மாகாணம் 1999 தேர்தலிலிருந்து கூட்டாட்சித் தொகுதிகளின் எல்லைகளையே பெரும்பாலும் தன் சட்டமன்றத்துக்கும் எடுத்துக்கொண்டு வந்தது. வடக்கில் மட்டும் சில ஆசனங்களைக் கூட்டி வைத்துக்கொண்டது. ஆனால் 2022 வரைபடத்தை மாகாணம் ஏற்கவில்லை. 2025 பெப்ரவரித் தேர்தல் பழைய 124 தொகுதிகளிலேயே நடந்தது. ஆகவே கூட்டாட்சியில் மறைந்துபோன ஸ்காபரோ–ரூஜ் பார்க் மாகாணத்தில் உயிரோடு இருக்கிறது. 2018 முதல் விஜய் தணிகாசலம் அதன் சட்டமன்ற உறுப்பினர்.

மாநகரசபையின் கதை இதைவிடக் கசப்பானது. 2018இல் 47 வட்டாரங்களுக்கான தேர்தல் பரப்புரை நடந்துகொண்டிருந்தபோதே, மாகாண அரசு சட்டம் கொண்டுவந்து அவற்றை 25 ஆகச் சுருக்கி, கூட்டாட்சித் தொகுதிகளின் கோடுகளையே வட்டாரக் கோடுகளாக்கியது. வேட்பாளர்கள் துண்டுப்பிரசுரங்கள் அச்சிட்டு, தெருத்தெருவாக நடந்து பாதி வழி வந்த பிறகு கோடு மாறியது. ஸ்காபரோ–ரூஜ் பார்க் என்ற 25ஆம் வட்டாரத்தில் நீதன் சண் 154 வாக்குகளால் ஜெனிபர் மக்கெல்வியிடம் தோற்றார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2021இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் மாகாணத்தின் சட்டம் நிலைத்தது. மக்கெல்வி 2025 ஏப்ரலில் ஏஜெக்ஸ் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றதால் வெறுமையான அதே வட்டாரத்தில்தான் ஐயா செப்டெம்பரில் வாக்களித்தார். இம்முறை நீதன் சண் வென்றார். 25ஆம் வட்டாரத்தின் கோடு 2012 ஆணைக்குழு போட்டது. அந்த ஆணைக்குழு அப்போது மாநகரசபையை மனதில் வைத்து எதையும் வரையவில்லை.

எண்கணக்கர் எழுதியது:

2018இல் நடந்தது அநீதி என்பதில் எனக்கும் இரண்டாம் கருத்து இல்லை. ஆட்டம் நடக்கும்போது கோட்டை மாற்றுவது எந்த எண்ணாலும் நியாயப்படுத்த முடியாதது. கூட்டாட்சிச் சட்டத்தில் இதற்குத் தடுப்பு உண்டு. புதிய எல்லைகள் பிரகடனமாகிக் குறைந்தது ஏழு மாதங்கள் கழிந்தபின் நாடாளுமன்றம் கலையும்போதே நடைமுறைக்கு வரும். அதுவரை வரும் இடைத்தேர்தல்கள் பழைய எல்லைகளிலேயே நடக்கும்.

சமூகத்தின் வரலாற்றையும் கணக்கில் எடுக்கலாம் என்ற தீர்ப்பையும் ஏற்கிறேன். என் ஐயம் வேறு. கோடு எப்போதும் மக்களுக்குப் பின்னால்தான் வருகிறது. 2025 ஏப்ரலில் நாம் வாக்களித்த எல்லைகள் 2021 மே மாதத்துத் தலைக்கணக்கில் வரைந்தவை. இந்தக் கோடுகள் அடுத்த மறுசீரமைப்பு முடியும்வரை, அதாவது 2030களின் நடுப்பகுதி வரை இருக்கும். அதற்குள் நம் மக்கள் எங்கே இருப்பார்கள்? மார்க்கம், ஏஜெக்ஸ், பிக்கரிங், விற்பி என்று வீடு வாங்கிப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். 2025இல் பிக்கரிங்–புரூக்லின் தொகுதியில் யுவனிதா நாதன் என்ற தமிழர் வென்று நாடாளுமன்றத்தில் ஹரியுடன் அமர்ந்தார். அந்தத் தொகுதியைத் தமிழருக்கென்று எவரும் வரையவில்லை.

மால்வேர்ன்91 எழுதியது:

எண்கணக்கர் தம்பி, வீடு வாங்கிப் போனவர்களின் கணக்கைச் சொன்னீர்கள். போக முடியாதவர்களின் கணக்கை நான் சொல்கிறேன். என் மாடியில் பன்னிரண்டு வீடுகள். தொண்ணூறுகளில் ஐந்து வீடுகளில் தமிழர் இருந்தோம், இப்போது இரண்டு. மற்றக் கதவுகளுக்குப் பின்னால் யமேக்காவிலிருந்தும், கயானாவிலிருந்தும், பிலிப்பைன்சிலிருந்தும், ஆப்கானிஸ்தானிலிருந்தும் வந்தவர்கள் இருக்கிறார்கள். பேருந்து நெரிசலும், வாடகை உயர்வும், மின்தூக்கி பழுதாவதும் எல்லாருக்கும் ஒன்றுதான். நான் முதலில் தமிழர் தொகுதி வெட்டுப்பட்டது என்று எழுதினேன். நீங்கள் எழுதியவற்றை வாசித்த பின், என்னைத் தொடும் வருத்தம் வேறொன்று என்று தெரிகிறது. வெட்டுப்பட்டது மால்வேர்ன். ஒரு காலத்தில் முழுதாக ஒரு தொகுதிக்குள் இருந்த எங்கள் ஊரை, 2012இல் ஒரு கோடும் 2022இல் இன்னொரு கோடும் தொட்டன. இரண்டு முறையும் யாரிடம் போவது என்று நாங்கள் புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது. கடந்த மாதம் எங்கள் மாடியில் ஒரு கயானா நாட்டு அம்மா, ஓய்வூதியக் கடிதத்தை வைத்துக்கொண்டு, முன்பு போன அலுவலகத்துக்கே பேருந்தில் போய், நீங்கள் இப்போது எங்கள் தொகுதியில் இல்லை என்ற பதிலோடு திரும்பி வந்தார். அன்பாகத்தான் சொன்னார்களாம், புதிய அலுவலகத்தின் முகவரியையும் எழுதிக் கொடுத்தார்களாம். ஆனாலும் அவர் அந்தக் குளிரில் இரண்டு பேருந்து மாறிப் போய் வந்தவர்.

அடுத்த ஆணைக்குழு எப்போது அமையும்? எழுத்தில் கருத்து அனுப்பலாமா, நேரில்தான் போக வேண்டுமா?

சட்டம் பயில்பவன் எழுதியது:

அண்ணா, அடுத்த பத்தாண்டுக் குடிசன மதிப்பீடு 2031இல். அதன் எண்ணிக்கைகள் வந்தபின் ஆணைக்குழுக்கள் அமைந்து, முதல் முன்மொழிவு வெளிவரும். அது வெளிவந்த பின் அமர்வுகள் நடக்கும். கடந்த முறை எழுத்து மூலமாகவும் கருத்துகளைப் பெற்றார்கள். அமர்வில் பேச விரும்புவோர் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். அந்தக் கயானா அம்மாவின் பயணத்தை இப்போதே திகதியோடு எழுதி வையுங்கள். தெருப் பெயர், பேருந்து இலக்கம், போக எடுத்த நேரம் எல்லாம் வேண்டும். சமூக நலன் என்று தீர்ப்பு சொல்வதை ஆணைக்குழுவின் முன் நிறுவ இப்படியான விவரங்களே உதவும்.

போர்ட் யூனியன் வாசி எழுதியது:

மால்வேர்ன் தம்பி, நானும் வருகிறேன். கில்ட்வுட் பக்கத்துக் குடியிருப்பாளர் சங்கத்தில் எனக்குத் தெரிந்த இருவர் இருக்கிறார்கள். அவர்களிடமும் இன்று மாலை பேசிப் பார்க்கிறேன். குளிர்சாதனப் பெட்டிக் கதவிலிருந்த மூன்று அட்டைகளையும் கழற்றி ஒரு கோப்பில் போட்டுவிட்டேன்.